நாலே முக்கால் அடி

சர்வேயர் தமயந்தி சங்கிலியை இழுத்துக்கொண்டு
நான் மாவரைக்கும் இடத்தைத் தாண்டி
குளியலறைக் கதவில் நின்றாள்.
"அக்கா, இங்கேருந்து வாய்க்கால்."
எட்டிப் பார்த்தேன்.
பச்சை வாளி, சீயக்காய்ப் பொட்டலம், ஒரு பல்லி.
அவள் கையிலிருந்த காகிதத்தில்
மூன்றும் தண்ணீருக்குள் இருந்தன.

கொட்டாப்புளி வாய்க்கால்,
ஏட்டில் இருபத்துநாலு அடி.
கும்பகோணத்தில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை.
சாக்கடைத் தெரு என்றால்
ஆட்டோ சரியாக வந்து நிற்கும்.

பொக்லைன் பதினோரு நாள் தோண்டியது.
ரபியுதீன் கடை டயர்கள், மெத்தைகள்,
யார் கல்யாணத்துக்கோ வைத்த 'வருக வருக',
என் சுவரில் நாலே முக்கால் அடி.
அந்தச் சுவருக்காக அழுதேன், சொல்லிவிடுகிறேன்.
சீட்டுப் பணத்தில் கட்டியது.
அதன் அடியில் நீண்டிருந்த குழாயை
நகராட்சி ஆள் தூக்கிக் காட்டியபோது
தெருவே பார்த்தது.
அது எங்கே போய் விழுகிறதென்று
இத்தனை வருஷம் நான் யோசித்ததில்லை.
இல்லை,
யோசித்திருக்கிறேன்.

பிறகு கரை எழும்பியது.
எதிர்ப்பக்கம் நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு,
திறக்கும் நேரம் எழுதிய கேட்டு.
எங்கள் பக்கம் கம்பிவேலி.
"எங்க வீட்ட இடிச்ச எடத்துல
நாங்க கால் நனைக்க
பேங்க் முக்கச் சுத்திப் போகணுமா?"
ஜெபமாலை கேட்டதை
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

காண்டிராக்டர் என் பின்சுவரையே
வேலியாகக் கணக்கெழுதிக் கம்பியை மிச்சம் பிடித்தார்.
அந்தச் சுவரில் ஒரு கதவிருந்ததை
அவர் அளக்கவில்லை.
இடித்த செங்கல்லைப் பொறுக்கி
கதவுக்கு வெளியே மூன்று படி அடுக்கினேன்.
இதுவும் ஆக்கிரமிப்புதான். தெரியும்.

மேட்டூர் திறந்த ஒன்பதாம் நாள்
விடியுமுன் வந்தது.
நுரையை முன்னே அனுப்பி, சருகைத் தள்ளிக்கொண்டு,
சொந்த வீட்டுக்கே வாடகைக்கு வருகிறவள்போல
மூலை மூலையாகப் பார்த்தபடி.

ஜெபமாலையின் பையன்தான் கேட்டான்:
"ஒங்க வீட்டு வழியாப் போலாமா?"
அப்புறம் யாரும் கேட்கவில்லை.
கிரைண்டரைச் சுவரோரம் நகர்த்தினேன்.
வாசலில் செருப்பு குவிந்தது.
தெரு என் வீட்டுக்குள் நுழைந்து
கொல்லையில் இறங்கி
ஈரக்காலோடு திரும்பிப் போனது.
உளுந்து மூட்டைக்குக் கீழே கூட ஈரம்.

நேற்று தமயந்தி மறுபடி வந்தாள்.
படிகளை எண்ணினாள். பேனாவை எடுத்தாள்.
"இத என்னன்னு எழுதறது அக்கா?"
கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.
நான் சொன்னது
அவளுக்குக் கேட்டிருக்காது.