முந்திரிக்கொட்டை

யார் பேச்சு முடியும் முன்னும்
நான் பேசிவிடுவேனாம்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பேர் அது.
நாற்பத்தொரு வயதில், முனிச்சாலையில்,
மொட்டைமாடி ஒற்றையறைக்கு வெளியே
காசு கொடுத்து அதையே வாங்கி நட்டேன்.

ஒட்டுக்கன்று. குட்டை ரகம்.
நர்சரிக்காரர் அதன் கழுத்தில் விரல் வைத்துக் காட்டினார்:
கீழே ஒரு மரம், மேலே வேறு மரம்,
சேர்ந்த இடத்தில் பிளாஸ்டிக் நாடா.
"மூணு மாசத்துல அவுத்துருங்க,
இல்லாட்டி அதுவே நெரிச்சிரும்."
எனக்கா தெரியாது?
கொக்கி வைக்கிற இடத்தில்
அரை அங்குலம் விட்டுத் தைக்கிறவள் நான்.

சாயப்பட்டறை நீல டிரம், பாதியாய் அறுத்தது.
பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் ஏழு ஓட்டை.
கருப்பாயூரணிச் செம்மண் இரண்டு சாக்கு,
ஆட்டுரம் ஒன்று,
மேலே மூடாக்காய் வெட்டுத்துணி.
காட்டன் மக்கியது.
பாலியஸ்டர் மக்கவில்லை.
வருடம் கழிந்தும் ஒரு ரோஸ் பார்டர்
யாருடைய கல்யாணத்தையோ
ஞாபகம் வைத்துக்கொண்டு கிடந்தது.

முதல் தையில் பூத்தது.
இரண்டு வருடம் கிள்ளிவிடச் சொல்லியிருந்தார்.
துணியைத் தவிர எதையும் தொடாத கத்தரிக்கோலை
அன்றுதான் மாடிக்கு எடுத்தேன்.
வெட்டினேன். அடுத்த தையிலும்.
அதன்பின் இரண்டு நாள் எந்தத் துணியிலும்
கத்தரி நேராய் ஓடவில்லை.
பிசினாகவும் இருக்கலாம்.

கீழ்வீட்டு சேஷாராம், வீட்டுக்காரர்,
தன் படுக்கைக்கு நேர்மேலே
இலங்கை வடிவத்தில் ஈரம் என்று ஏறி வந்தார்.
"உன் தோப்பு இருக்கே..." என்று ஆரம்பித்தார்.
நான் முந்திக்கொண்டேன்:
எட்டு செங்கல் மேல் தூக்கி வைக்கிறேன்,
அடியில் தாம்பாளம் வைக்கிறேன்,
வேணும்னா ஐந்நூறு ஏத்திக்கங்க.
அவர் கேட்க வந்தது முந்நூறாம்.
பிறகு அவர் மனைவி சொல்லித் தெரிந்தது.

மூன்றாம் தையில் பூக்களை விட்டுவிட்டேன்.
இளஞ்சிவப்பாய்க் கொத்துக் கொத்தாய்.
அணில். தேயிலைக் கொசு. வேப்பெண்ணெய்.
ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் கார்ப்பரேஷன் தண்ணீரில்
முதல் குடம் அதற்கு.
பூவில் முக்காலும் பொய்.
பங்குனியில் பார்க்கிறேன்,
பழம் என்று சொல்ல ஒன்றுமே இல்லாமல்
பச்சையாய்த் தொங்குகிறது கொட்டை.
அது வந்து, தன் அளவுக்கு வளர்ந்து நின்ற பிறகுதான்
மெதுவாய் வீங்குகிறது பின்னால் பழம்.
அடிப்பாவி,
இது குணமில்லையா, வரிசையா?

பதினைந்து.
வறுக்கும்வரை பொறுக்காமல்
நாலைக் கட்டிங் பிளேயரில் பச்சையாய் நசுக்கினேன்.
ஓட்டுப்பால் பட்டுக் கட்டைவிரல் கொப்புளித்தது.
பத்து நாள் ஊசி பிடிக்க முடியவில்லை.
வில்லாபுரத்துக் கல்யாணப்பெண் ஒருத்தி
பட்டுத்துணியைத் தைக்காமலே
திருப்பி வாங்கிப் போனாள்.

மீதியைத் தகரத்தில் மணல் போட்டு வறுத்தேன்.
இரண்டு பொக்கு, ஒன்று கரி.
தேறியது எட்டு.
இரண்டு சேஷாராமுக்கு.
மென்றுகொண்டே சொன்னார்,
"கடையிலேயே கிடைக்குதேம்மா."

சித்திரையில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை.
டிரம் காய்ந்து, இலை தொங்கி,
தாம்பாளத்தில் தூசி.
அந்த வாரம்தான் அவர் கூரையில்
இலங்கைக்கு மேலே இந்தியாவும் வந்தது.
அவர் மாடிக்கு வந்தார்.
தாம்பாளத்தைப் பார்த்தார்.
தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.

நாக்கு நுனியில் இருந்தது.
சொல்லவில்லை.
அவரே சொல்லட்டும் என்று
காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

அளவு நோட்டில்
பானுரேகாவின் பட்டு ஜாக்கெட்டுக்கும்
ஜெய்துனின் சுடிதாருக்கும் நடுவே
ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்:
முந்திரி. உயரம் ஐம்பத்தொன்று.
இடுப்பு ஆறேகால்.
லூசாய் இருக்கணும்.
டெலிவரி அவசரமில்லை.