கழுதைக்கு வாடகை

போல்காடங்காவில் மூன்று நாளுக்கொரு சந்தை.
தெற்கிலிருந்து லாரியில் வரும் புல்லைக்
கடனுக்கு வாங்கிப் பின்னிக்கொண்டு போவோம்.
விலை சொல்வது தரகன்.
பொழுது சாயச் சாய அதுவும் சாயும்.
இருட்டில் விற்ற கூடைகள்தான் அதிகம்.

இப்போது அளவுநாடாவோடு வருகிறவள் லாமிசி,
எங்கள் சங்கத்துக் கணக்குக்காரி.
முதல் தடவையே
என் ஆறு கூடைகளில் ஒன்றை ஒதுக்கினாள்.
"அடி கோணல், அயாம்போகா."
கோணல்தான். அன்று குழந்தைக்குக் காய்ச்சல்.
மற்ற ஐந்துக்கும்
பேசிய காசு, பேசிய நாளில்,
என் செல்பேசிக்கு வந்தது.
எழுத்து தெரியாது; எண் தெரியும்.
நள்ளிரவில் எழுந்தும் ஒருமுறை பார்த்தேன்.
புல் முறுக்கிக் காய்த்த உள்ளங்கை
அந்த வெளிச்சத்தில் யாருடையதோபோல் இருந்தது.

இரண்டு மழைக்காலம் சேர்த்து
கழுதை வாங்கினேன், வண்டியோடு.
ரசீதில் என் பெயர்.
கழுதைக்கு அது தெரியாது,
யார் இழுத்தாலும் போகும்.

நேற்று கணவர் முற்றத்தில் நின்று
தொண்டையைச் செருமினார்.
"கம்பு நாலு மூட்டை. வண்டி... கிடைக்குமா?"
பதினேழு வருஷத்தில்
அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்விக்குறி.

பல்லில் கடித்த புல்லை எடுக்காமலே
வாடகை சொன்னேன்.
பாதிக்குக் கேட்டார்.
"பொழுது சாயட்டும், பார்க்கலாம்" என்றேன்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.
அவர் சிரிக்கவில்லை,
கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

ஒதுக்கிய கூடையில்தான் அதற்குத் தீவனம்.
கோணலைப் பற்றி
அது இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.