குறைவெண்

போன பிப்ரவரியில்
தலைவர் பதவிக்கு யார் என்று கேட்டபோது
நான் கையைத் தூக்கவில்லை.
குளிர்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்,
கை உள்ளே சிக்கி மேலே நின்றது.
ஒரிஸ்யா பார்த்துவிட்டாள்.
"மிர்சாடா ஒப்புக்கொண்டாள்" என்று
குறிப்பேட்டில் எழுதியும்விட்டாள்.
எழுதியதை அடிக்கும் வழக்கம்
எங்கள் சங்கத்தில் இல்லை.

தண்டர் பே. ஏரியின் வடகரை.
பதினேழு மொழிகளுக்கு ஒரு கூடம்,
ஒரே ஒரு சமையலறை.
கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டவை:
பதினொரு சாவிகள்
(நான்கு எதையும் திறக்காது),
நூற்று நாற்பது மடக்கு நாற்காலிகள்,
தாய்ஸ்தோவின் புகார்க் கடிதங்கள் ஒரு பெட்டி.

நான் பேருந்து ஓட்டுகிறவள்.
கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிட ஓய்வு.
ஆண்டு முழுக்க நான் தலைமை தாங்கியது
அந்த ஏழேழு நிமிடங்களில்தான்.
ஸ்டீயரிங் மேல் மானியப் படிவம்:
"உங்கள் பணியின் தாக்கத்தை எண்ணால் குறிப்பிடுக."
நூற்று நாற்பது என்று எழுதினேன்.
பணம் வந்தது.

ஏப்ரலில் பிலிப்பினோ விருந்து.
கருவாட்டு வாடை திரைச்சீலையில் ஏறிவிட்டதென்று
தாய்ஸ்தோ இரண்டு பக்கம் எழுதினார்.
மே மாதம் அவரே
ஊறவைத்த ஹெர்ரிங் மீன் ஒரு வாளி கொண்டுவந்தார்.
மாரிவிக் எதுவும் சொல்லவில்லை.
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

சுவரில் ஓர் உலகப்படம் இருந்தது.
யாரோ ஓர் எல்லையைப் பேனாவால் திருத்தினார்கள்.
வேறு யாரோ திருத்தத்தைத் திருத்தினார்கள்.
மூன்றாம் வாரம் தாள் கிழிந்தது.
நான் கழற்றிச் சுருட்டிவைத்தேன்.
அதில் நான் பிறந்த நாடு
இன்னமும் பழைய பெயரில் இருந்ததை
யாரிடமும் சொன்னதில்லை.
சுவரில் ஒரு வெளிறிய கட்டம் மிச்சம்.
அதன்மேல் இதுவரை எவரும்
எதையும் ஒட்டவில்லை.

ஜூன் திருவிழாவைத் தொடங்கிவைக்க
அனிஷினாபே மக்களிலிருந்து டார்லீனை அழைத்தோம்,
வழக்கம்போல.
"முப்பது வருடமாக உங்களை வரவேற்கச் சொல்கிறீர்கள்,
குழுவில் எங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா?"
குறிப்பில் ஏற்று என்றேன்.
ஒரிஸ்யாவின் பேனா
சற்றுநேரம் எழுதவில்லை.
இப்போது இருக்கிறது நாற்காலி.
டார்லீன் சில மாதம் வருகிறாள்,
சில மாதம் வருவதில்லை.
ஏன் என்று கேட்கும் தகுதி
எனக்கு இன்னும் வரவில்லை.

அக்டோபரில் ஓர் இரவு
ஃபிஸ்டனின் தம்பி கின்ஷாசாவில் இறந்தான்.
கூடம் இரண்டு மணிக்குத் திறந்திருந்தது.
அறிவிப்பு எதுவும் போகவில்லை, ஆனாலும் வந்தார்கள்.
யாரோ மாவு பிசைந்தார்கள்,
தாய்ஸ்தோ நாற்காலிகளை விரித்தார்.
அந்த இரவுக்குக் குறிப்பு இல்லை.

மறுபடி பிப்ரவரி, ஆண்டுப் பொதுக்கூட்டம்.
பன்னிரண்டு பேர் வேண்டும் என்கிறது விதி.
பனிப்புயலில் பதினோரு பேர்.
ஏழே முக்காலுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு
கழிப்பறை எங்கே என்று கேட்டான்
பனி அள்ளும் வண்டியோட்டி.
திரும்பி வரும்வரை காத்திருந்து
உறுப்பினர் ஆக்கினோம்.
சந்தா ஐந்து டாலர், அவனிடம் மூன்று.
மீதி இரண்டை தாய்ஸ்தோ எண்ணிவைத்தார்.
"எந்தச் சமூகம்" என்ற கட்டத்தில்
வெகுநேரம் யோசித்து
வெஸ்ட்ஃபோர்ட் என்று எழுதினான்.
இதே ஊரின் தென்முனை,
என் பேருந்தில் இருபது நிமிடம்.

வரவு செலவு நிறைவேறியது.
மாரிவிக் தலைவர் ஆனாள், தானாகவே கைதூக்கி.
சாவிக்கொத்தைக் கொடுத்தேன்.
எந்த நான்கு திறக்காது என்றாள்.
ஐந்து என்றேன், ஒன்று என் காலத்தில் வளைந்தது.

மறுநாள் விடியலின் முதல் நடை.
கூடத்தைக் கடக்கையில்
சமையலறையில் விளக்கு.
என் கை சட்டைப்பையைத் தடவியது.
யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள்,
அல்லது அவள் அதற்குள் வந்துவிட்டாள்.
அங்கே நிறுத்தம் கிடையாது.