ஏழு மணிக்கு மழை வருமா

கொழும்பிலிருந்து போன்.
நுவரெலியா சீசனுக்கு வரும் இசைக்குழுவில்
நாற்பத்தாறு பேர்.
கைப்பிடி இல்லாத கதிரைகள் வேண்டுமாம்,
வில் இழுக்கையில் முழங்கை இடிக்குமாம்.

எண்ணினேன். முப்பத்தொன்பது.
மிச்சத்தைக் கந்தப்பளைக் கல்யாண மண்டபத்தில்
கேட்டிருக்கிறேன்.

பனியில் பசை காயவில்லை.
சுவரொட்டியின் மேல்மூலை மடிந்து
வயலின்காரியின் பாதி முகத்தில் தொங்குகிறது.

"ஏழு மணிக்கு மழை வருமா?"
நாலுக்கே வந்துவிடும் ஐயா.
பிந்தினால்
தகரத்தில் நின்று அதுவும் வாசிக்கும்.

மறுமுனையில் சிரிப்பில்லை.
பென்சிலால் எதையோ
குறித்துக்கொள்ளும் சத்தம்.

டிக்கெட் விலை சொன்னார்.
என் நாலு நாள் சம்பளம்.

ஒத்திகைக்கும் டிக்கெட் உண்டா என்று
நான் கேட்கவில்லை.
மண்டபச் சாவி என்னிடம்தான்.
லிந்துலைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்,
அக்கா பிள்ளைகள்
மூன்று மணி பஸ்ஸில் வரட்டும்,
ஸ்வெட்டரோடு.