வெந்நீர் கேட்டு வந்தவள்

தலைக்குந்தாவில் ஜனவரி.
லாட்ஜுக்குப் பின்னால்
வாளித் தண்ணீர் பால்போல் ஆடை கட்டியிருக்கும்.
சோப்புக் கட்டியால் தட்டித்தான் உடைப்பேன்.

போர் தண்ணீரில் இரும்பு;
வெள்ளை விரிப்பு நாலே துவைப்பில் பழுத்துவிடும்.
டேங்கர்காரன் ஊற்றுவதில் சோப்பு திரியும்.
ஊற்றுத் தண்ணீர் நுரைக்கும், நுரைத்துக்கொண்டே இருக்கும்,
அலசி முடிப்பதற்குள்
விரல்கள் வேறு யாருடையதோ ஆகிவிடும்.

முதலாளிக்கு எல்லாம் ஒரே தண்ணீர்.
கறைக்கு அபராதம் முந்நூறு.

ஆறு மணி இருக்கும்.
ஏழாம் நம்பர் அறைப் பெண்
விரிப்பைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள்.
"அக்கா, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?
நானே துவைச்சுடறேன்."

என்னவென்று கேட்கவில்லை.
வெந்நீர் வேண்டாம் கண்ணு,
சூடு பட்டால் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்.
எத்தனை குளிரோ அத்தனை நல்லது.

ஊற்றுத் தண்ணீர் வாளியை நகர்த்தினேன்.
கையை விட்டாள், வெடுக்கென்று இழுத்தாள்,
மறுபடி விட்டாள்.
ஒரு பிடி கல்லுப்பு.
நான்கு கையும் மரத்துப்போகக் கசக்கினோம்.
சிவப்பு வெளிறி
செம்பருத்தி அலசிய நீராகி
பிறகு வெறும் தண்ணீர்.

கொடியில் போட்டதும் விரிப்பு விறைத்து
கதவுபோல் நின்றது.
அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

பத்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.
அவள் ஸ்வெட்டர் முழங்கைவரை நனைந்திருந்தது.
கம்பளிக்கு வெதுவெதுப்பு போதும்,
முறுக்கிப் பிழியாதே என்று
சொல்ல விட்டுப்போயிற்று.