தேயிலைக் கணக்கு

ஞாயிறு தவறாமல்
குத்தாயிசி ரயிலடி வாசலில்
தன் லாடாவின் முன்மூடி மேல்
புத்தகம் பரப்புவான் ஸவ்ரி.
மழை வந்தால் பாலித்தீன்.
விலை கேட்டால் பேச்சில்லை,
உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசு பேசும்.
கிலோ நாலு லரி.

கடைசி அத்தியாயம் கிழிந்த துப்பறியும் நாவல்
(கொலையாளி யாரென்று
இந்த ஊரில் யாருக்குமே தெரியாது),
மண்புழுவின் நரம்பு மண்டலம் குறித்த
எழுநூறு பக்க ஆராய்ச்சி,
மெழுகு சொட்டி இரண்டு தாள் ஒட்டிப்போன
புனிதர்களின் சரித்திரம்.
எல்லாம் ஒரே தட்டில் ஏறும்.
எடை கொஞ்சம் இடித்தால்
எதிர்த்தட்டில் ஒரு வெங்காயம்.

நான் வாங்குகிறவள் அல்ல.
பன்னிரண்டே முக்காலுக்கு என் வண்டி வரும்வரை
புரட்டுகிறவள்.
வாரம் ஆறு நாள் பல் மருத்துவமனையில்
திறந்த வாய்களுக்கு விளக்குப் பிடிக்கிறேன்.
ஏழாம் நாள்
மூடியவற்றைத் திறந்து பார்க்கிறேன்.
நுனிப்புல் மேய்ச்சல் என்பான் ஸவ்ரி.
இருக்கட்டுமே.
எந்தப் புல் எங்கே கசக்கும் என்று
ஆட்டுக்குத்தான் தெரியும்.

மண்புழு ஆராய்ச்சியில் பக்கம் பன்னிரண்டு வரை
யாரோ சிவப்பில் கோடிட்டிருந்தார்.
பதின்மூன்றில் ஒரு காப்பிக் கறை.
அதோடு சரி.
அவருக்கு என்ன ஆயிற்று என்பதுதான்
எனக்கு அந்த வாரத்து நாவல்.

மார்ச் மாதத்தில் ஒருநாள்
சாம்பல் நிற அட்டை ஒன்று கையில் வந்தது.
'தேயிலைச் சாகுபடி: மாவட்டவாரிப் புள்ளிவிவரம், 1958.'
நாலு பக்கம் அட்டவணை.
ஐந்தாம் பக்கத்திலிருந்து
ஊதா மையில் கையெழுத்து.
அத்தனையும் ஜெபம்.
பெரிய ஜெபங்கள் இல்லை.
இரவு ரயிலில் போகும் ஒருவனுக்காக.
கன்று தங்காத பசுவுக்காக.
நினோவின் காய்ச்சல் இறங்க.
'எங்களைக் காட்டிக்கொடுத்தவனின்
மூட்டுவலி தீர.'

இதை மூன்று தடவை படித்தேன்.
எனக்குக் கடவுள் பழக்கமில்லை.
வீட்டுக்குக் கொண்டுபோனால்
அந்த மூட்டுவலிக்காரனை
நானும் மன்னிக்க வேண்டிவருமோ என்று பயம்.
மண்புழுவுக்கு அடியில் சொருகிவைத்தேன்,
யாரும் கை வைக்காத இடம்.

அடுத்த ஞாயிறு காணோம்.

"தேயிலையா? நானூறு கிராம்.
தொப்பி போட்ட பெரியவர்" என்றான் ஸவ்ரி.
அவனுக்கு எல்லாமே கிராம்.
எனக்குள் ஏதோ
பிடுங்கிய பல்லின் குழியைத் தொடும் நாக்குபோல
அங்கேயே போய்ப்போய் வந்தது.

இரண்டு வாரம் கழித்து
தொப்பி வந்தது.
தோட்டத் துறையில் முப்பது வருஷம்
இலை எண்ணியவராம், பெயர் அம்ப்ரோசி.
"ஏமாற்றுக்காரா!" என்று
பேருந்து நிறுத்தம் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.
"ஐம்பத்தெட்டில் என் பிரிவின் விளைச்சல் என்னவென்று
பார்க்க வாங்கினேன்.
நாலு பக்கத்தோடு அறுவடை நின்றுபோச்சு!
மீதியெல்லாம் பசுமாடும் காய்ச்சலும்!"

ஸவ்ரி வாதாடவில்லை.
பையிலிருந்து சில்லறையை எண்ணி
மூடி மேல் வைத்தான்,
ஒன்று, அறுபது.
பிறகு கையை நீட்டினான்
புத்தகத்துக்கு.

பெரியவர் காசைப் பார்த்தார்.
புத்தகம் அவருடைய கோட்டுக்குள் இருந்தது,
இடப்பக்கம்.
ஒரு ரயில் வந்து நின்று
ஆட்களை இறக்கி
மறுபடி கிளம்பும்வரை
அது வெளியே வரவில்லை.
முழங்காலை ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.
குளிராகவும் இருக்கலாம்.

அப்புறம் காசை
விரல் நுனியால் ஸவ்ரி பக்கம் தள்ளினார்.
கோபம் குரலில் அப்படியே இருந்தது.

"ஐம்பத்தொன்பது இருக்கா?"

ஸவ்ரி என்னைப் பார்த்தான்.
நான் மண்புழுவைத் தூக்கிப் பார்த்தேன்.
அடியில்
லாடாவின் வெளுத்த பச்சை,
கொஞ்சம் துரு.
என் வண்டி வந்தது, போனது.
மூன்று பேருமாய்
ஒவ்வொரு அட்டையாகத் திறக்க ஆரம்பித்தோம்,
நாலாம் பக்கத்தைத் தாண்டி.