நாலு ஞாயிறு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
எங்கள் மருந்துக்கடை.
வெயில் ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.
காலை ஒன்பதுக்கே டியூப்லைட்.

அட்டைக்கு நாலு குளிகை.
அதாவது நாலு வாரம், நாலு ஞாயிறு.
ஆராதனை முடிஞ்சு வந்து
சோத்துக்குப் பிறகு ஒண்ணு போடுங்க அக்கா என்று
கவரில் எழுதிக் கொடுத்தது நான்தான்:
வா - 1.
வாரம் என்பதை அப்படித்தான் எழுதுவேன்.
சாயங்காலக் கூட்டத்தில்
முழுச் சொல்லுக்கு ஏது நேரம்.

குளோரிபாய் அக்காவுக்கு அண்டி ஆபீசில்
பருப்பு எடை எழுதும் வேலை.
விடியுமுன் உள்ளே, இருட்டிய பிறகு வெளியே.
கடலுக்கும் மலைக்கும் நடுவே
இத்தனை வெயில் கொட்டும் ஜில்லாவில்
அவர் ரத்தத்தில் வெயில் போதாது என்று
சீட்டு வந்தது.

எட்டு வாரம்.
முட்டு வலி குறைந்தது.
பஸ்சில் நின்றுகொண்டே வந்தார்.
"பிள்ளே, வாரத்துக்கு ஒண்ணுக்கே இப்பிடின்னா
தெனம் ஒண்ணு போட்டா ஓடியிருவேனே!"
சிரித்தோம்.
சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்தேன்.
சீட்டு கேட்கவில்லை.

நாலு நாளுக்கு ஒருமுறை வந்தார்.
எண்ணுவதுதான் எனக்குச் சம்பளம்.
ராத்திரி கணக்கில் ஒரு குளிகை குறைந்தால்
உறக்கம் வராதவள் நான்.
இதை எண்ணவில்லை.

திங்கள் ஞாயிறானது.
செவ்வாய் ஞாயிறானது.
வெள்ளியும்கூட.

ஆனி மழையில் ஊர் முழுக்க நனைந்து நிற்க
கடை வாசலில் நின்று
ஒரு குப்பி வெள்ளத்தை ஒரே மூச்சில் குடித்தார்.
"தாகம் தீரல்ல பிள்ளே."
சர்க்கரையா இருக்கும், பாத்திருங்க என்றேன்,
டாக்டருக்குப் படித்தவள் போல.
வயிறு போகவில்லை என்றார், அதற்கு ஒரு மருந்து.
ஓங்கரிக்கிறது என்றார்.
அதற்கு நான் எடுத்துக் கொடுத்தது
சப்பித் தின்னும் சுண்ணாம்பு வில்லை.

அதை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு எடைகள் பிசகின.
நானூற்றெழுபதை எழுநூற்று நாற்பது என்று எழுதினார்.
குறைத்து எழுதப்பட்டவள் கத்தினாள்.
கூட்டி எழுதப்பட்டவள் பேசாமல் வாங்கிப் போனாள்.
கூடுதலுக்கு யார் வழக்குச் சொல்வார்?

ஒரு காலை, தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து
இது யார் வீடு என்று கேட்டிருக்கிறார்.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி மேசையில்
அவர் மாப்பிள்ளை டென்னிசன்
ஒரு பை நிறையக் காலி அட்டைகளைக் கொட்டினாராம்.
நர்ஸ் எண்ணினாள், நான் எண்ணாததை.
நூற்றுப் பன்னிரண்டு.
இரண்டு வருஷத்துக்கும் மேலான ஞாயிறுகள்
நாலே மாசத்தில்.

தண்ணீரில் கரைகிற சத்து என்றால்
மிச்சம் பெரும்பாலும் மூத்திரத்தோடு போயிருக்கும்,
இது கொழுப்பில் கரைந்து குடியிருக்கும் என்றாராம் டாக்டர்.
நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உள்ளே எரியும்.
எலும்புக்கென்று விழுங்கியது
எலும்பையே கரைத்து ரத்தத்தில் விட்டிருக்கிறது.
சிறுநீரகத்தில் சுண்ணாம்பு,
பாறையில் சிப்பி ஒட்டுவது மாதிரி.

பத்து நாள் குளுக்கோஸ் குப்பி.
வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள்:
பால் வேண்டாம். நெத்திலி வேண்டாம். சாளை வேண்டாம்.
வெயிலில் நிற்க வேண்டாம்.

இப்போது முழுசாக எழுதுகிறேன்.
வாரத்துக்கு ஒன்று மட்டும். ஞாயிறு மட்டும்.
சீட்டு இல்லாமல் கேட்பவர்களைத் திருப்பி அனுப்புகிறேன்.
"அடுத்த கடையில் வாங்கத்தானே போறான்"
என்கிறார் முதலாளி.
உண்மைதான்.
பாலத்துக்குக் கீழே மட்டும் ஏழு கடை.

போன புதன்கிழமை அக்கா வந்தார்,
குடை பிடித்து, பாதியாக மெலிந்து.
திட்டுவார் என்று நின்றேன்.
கைப்பையிலிருந்து
மடங்கிக் கிழிந்த அந்தப் பழைய கவரை எடுத்து
என் எழுத்தின் மேல் விரல் வைத்தார்.

"வா-ன்னுதானே பிள்ளே எளுதியிருந்தே.
அதான் வந்துக்கிட்டே இருந்தேன்."

சிரித்தார்.
இந்த முறை அவர் மட்டும்.